பெத்தது ஒன்பது, நின்னது நாலு

"பெத்தது ஒன்பது, நின்னது நாலு." அப்பத்தா தன்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்கும். குரல் உடையாது. எந்த வருஷம் கண்மாய் பெருகியது, எந்த வருஷம் காய்ந்தது என்று சொல்கிற அதே குரல்தான். எங்கள் ஊரில் அந்த வயதுக் கிழவிகள் எல்லோரிடமும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு ஏழுக்கு மூணு. எதிர்வீட்டில் எட்டுக்கு அஞ்சு. அவளைப் புண்ணியவதி என்பார்கள்.

எதில் போயின என்று கேட்டால் அப்பத்தா விரல் மடக்கிச் சொல்லும். ஒன்று பேதியில். ஒன்று அம்மை போட்டு. ஒன்று மாந்தத்தில். இரண்டு, பிறந்து ஏழெட்டு நாளில் வாய் கட்டிப்போய், பால் இறங்காமல், உடம்பு விறைத்து இழுத்து. அந்தக் கடைசி இரண்டும் ரணஜன்னி என்று எனக்குத் தெரிந்தது மிகவும் பின்னால். கதிர் அறுக்கிற அரிவாளால் கொடி அறுத்து, அறுத்த இடத்தில் சாணிச் சாம்பலை அப்பினால் வருவது. தாய்க்கு மாசமாக இருக்கும்போது போடும் தடுப்பூசியும் ஒரு புது பிளேடும் இருந்தால் அது வராது. ஏன் போயின என்று கேட்டால் மட்டும் அப்பத்தாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: "அதுகளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்த்தா."

அம்மா பெற்றது மூன்று. மூன்று பேரும் இருக்கிறோம். அதே வீடு, அதே ஊருணித் தண்ணீர், அதே அடுப்படி. நடுவில் ஒரு தலைமுறைதான். இடையில் என்ன வந்தது என்று வெகுகாலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தடுப்பூசி வந்தது. நடந்து போகிற தூரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. ரேஷன் அரிசி வந்தது. தார் ரோடும் அதில் ஒரு டவுன் பஸ்ஸும் வந்தன. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவை வந்து சேரும் முன்பே அம்மா ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

படிப்பு வேண்டும் என்று யாரும் அவளை அனுப்பவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு தொடங்கியது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு நிலம் கிடையாது, கூலி வேலை. பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று இருந்தவர், ஒரு வேளைச் சோறு மிச்சமாகும் என்று அனுப்பிவைத்தார். "நான் சோத்துக்குத்தான் போனேன். போன எடத்துல எழுத்தும் போட்டாங்க" என்பாள் அம்மா. அஞ்சாவது முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆறாவதுக்கு அடுத்த ஊர் போக வேண்டும், நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டல். அந்தப் பொட்டலைப் பற்றி அம்மா இப்போதும் கோபமாகத்தான் பேசுவாள்.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது எனக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. மீதி அம்மா சொன்னது. தம்பிக்கு ராத்திரி முழுக்கப் பேதி. விடியும்போது கண் குழிந்து, உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. "பால நிறுத்து, தண்ணியக் கண்ணுல காட்டாத. குடிக்கக் குடிக்கத்தான் போகுது" என்றது அப்பத்தா. குடலேற்றம் தட்டுகிற கிழவியைக் கூப்பிட ஆள் போயிற்று. அப்பா அறுப்புக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார், வர இன்னும் நாளாகும். அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியை இடுப்பில் வைத்து என்னைக் கையில் பிடித்துக்கொண்டு காலைப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். திரும்பி வந்தபோது அப்பத்தா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டது.

பெரியவளான பிறகு ஒருநாள் கேட்டேன்: "பேதியில தண்ணி வத்தித்தான் பிள்ளைக சாகுதுன்னு அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியும். சீட்டுல பேரு எழுதத் தெரியும். அப்பறம் என்ன பயம்?"

இந்தப் பதிலை நான் விட்டுவிட முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன். அம்மாவின் அஞ்சாவது வகுப்புப் புத்தகத்தில் பேதிக்கு வைத்தியம் எழுதியிருக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்பது அப்போது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, தாய்மார்களையும் உறவுக்காரர்களையும் விட்டே குடிக்கவைத்தார். 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே வந்தது. உலகமே திரும்பிப் பார்த்த வைத்தியம். அது எங்கள் ஊருக்கு வந்து சேரப் பல வருஷம் ஆனது. அதற்கு முன்பே தம்பி பிழைத்துக்கொண்டான், ஒரு பஸ் போர்டால்.

ஜான் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் 1979இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பின்னால் ஒரு பயிற்சி முகாமில் கேட்டபோது எனக்கு அம்மா முகம்தான் வந்து நின்றது. நைஜீரியாவில் யோருபா மக்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து எழுதியது அது. அப்பன் என்ன வேலை பார்க்கிறான், எவ்வளவு படித்திருக்கிறான், குடும்பம் நகரத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், பிள்ளை பிழைப்பதைத் தீர்மானிப்பதில் தாயின் படிப்புக்குத் தனியாக ஒரு பெரிய பங்கு இருந்தது. அவர் சொன்ன காரணங்கள் சுகாதாரப் பாடத்தைப் பற்றியவை அல்ல. படித்த பெண் விதியே என்று உட்கார்ந்துவிடுவது குறைகிறது. நர்ஸும் டாக்டரும் அவள் சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள். முக்கியமாக, வீட்டுக்குள் அதிகாரம் கொஞ்சம் இடம் மாறுகிறது. பிள்ளைக்கு நோய் என்றால் மாமியாரின் உத்தரவுக்கோ புருஷன் வருகைக்கோ அவள் காத்திருப்பதில்லை. எங்கோ ஆப்பிரிக்காவில் எடுத்த கணக்கு, எங்கள் வீட்டு வாசலில் நின்று எழுதியது மாதிரி இருந்தது.

2010இல் லான்செட் இதழில் 175 நாடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். 1970க்கும் 2009க்கும் இடையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு வருஷத்துக்கு 82 லட்சம் குறைந்திருந்தது. அதில் 42 லட்சம், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கூடுதலாகப் படித்ததால் குறைந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. மதிப்பீடுதான், படித்த பெண் இருக்கிற வீட்டில் கக்கூஸும் கொஞ்சம் காசும்கூட இருக்கும், எது எதால் என்று முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஆனாலும் பாதி என்கிறார்கள். அதைப் படித்த அன்று என் அப்பத்தாவின் ஐந்தை நான் நினைத்தேன்.

1991இல் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் முன்னால் நின்றார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. நானும் ஒருத்தி. தெருவிளக்கின் அடியில், மாரியம்மன் கோயில் வாசலில், அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு வகுப்பு. வருகிறவர்கள் நடவுக்கும் களைக்கும் போய்வந்த பெண்கள், கல்குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வந்தவர்கள். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குள் சிலேட்டுக் குச்சி நிற்காது, நழுவும். ஒடித்துவிடுவோமோ என்று பயந்து பயந்து பிடிப்பார்கள்.

அந்த வகுப்பில் எழுத்தைவிடப் பேச்சு அதிகம். பகலில் வாய் திறக்க நேரமில்லாதவர்கள் அவர்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் உடம்பில் வந்து முடியும். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுப் பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி வைத்தது, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரே கொடுக்காமல் நாக்கு வறள வைத்தது, வெள்ளைப்படுவதை யாரிடமும் சொல்ல முடியாமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பது. நான் கல்யாணம் ஆகாதவள் என்று முதலில் தயங்கினார்கள். பிறகு என்னை மறந்துவிட்டுப் பேசினார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த படிப்பு.

வகுப்பில் ஒருவரைச் சின்னம்மா என்று கூப்பிடுவேன். உறவு கிடையாது, ஊர் முறை. அப்போது அவருக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஆறு மாசம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று வாங்குகிற மாத்திரையை எல்லாம் எரவாணத்தில் செருகி வைப்பார். ஒருநாள் துணை சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். நர்ஸம்மா விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு நோட்டில் எழுதி, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். "பேனாவக் குடுங்கம்மா" என்றார் சின்னம்மா. நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். பெயர் எழுத வெகுநேரம் ஆனது, ஒரு துணைக்கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. எழுதி முடித்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் மேலே இருந்ததைப் படித்தார்.

"இதென்ன ஏழுன்னு போட்டிருக்கீக?"

"ஒங்க ரத்தம்."

"எம்புட்டு இருக்கணும்?"

"பதினொண்ணாவது இருக்கணும்."

சின்னம்மா விரலை மடக்கினார். போன வாரம்தான் கழித்தல் கணக்குப் போட்டிருந்தோம். "நாலு கொறையுதா?" என்றார். நர்ஸம்மா நல்ல மனுஷி. நோட்டை மூடிவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அந்த நாலு குறைந்தால் பிரசவத்தில் என்ன ஆகும் என்று விளக்கினார். அதற்கு முன்பும் எத்தனையோ முறை "மாத்திரையச் சாப்பிடும்மா" என்று அவர் சொல்லியிருக்கிறார், சின்னம்மாவும் தலையாட்டியிருக்கிறார். எரவாணத்து மாத்திரை அன்றைக்குத்தான் இறங்கியது. அடுத்த மாசம் போனதும் முதல் கேள்வி, "இப்ப எம்புட்டும்மா?"

நான் இதிலிருந்து புரிந்துகொண்டது ஒன்றுதான், இன்றுவரை அதில் மாறவில்லை. எழுத்து கற்றதால் அவருக்கு மருத்துவம் தெரிந்துவிடவில்லை. கேட்கலாம் என்று தெரிந்தது. தன் உடம்பைப் பற்றி இன்னொருத்தர் எழுதி வைத்திருப்பது தனக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தது. மாத்திரையும் ஊசியும் அதற்குப் பிறகுதான் உள்ளே போகின்றன.

ஊருணியைப் பற்றி வகுப்பில் பேசியபோது அப்பத்தாவும் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது. நரம்புச் சிலந்தியைப் பற்றி அது சொன்னதைச் சின்னப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். காலில் கொப்புளம் வெடித்து, உள்ளேயிருந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும். குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள், அறுந்தால் கால் போச்சு. அந்த நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புண் காலோடு குடிதண்ணீரில் இறங்காதே; இவ்வளவுதான் வைத்தியம். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டில் அந்த நோய் இல்லை என்று சான்று கொடுத்தது. ஒரு துண்டுத் துணியும், அது எதற்கு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன வாய்களும் செய்த வேலை.

சைக்கிளை நினைக்காமல் அந்த வருஷங்களை நினைக்க முடியாது. வகுப்பு நடத்துகிற பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது, பிறகு எல்லாப் பெண்களும் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். அதற்கென்று பாட்டே இருந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். சிலர் பிறகும் அதையே விரும்பினார்கள், முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். ஊர் ஆண்கள் பேசின பேச்சை நான் திரும்ப எழுதப் போவதில்லை. ஆனால் அந்த முன்பாரில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குக் காத்திருந்து, கூட வர ஓர் ஆண்பிள்ளையைத் தேடி, கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்த இடத்துக்கு அவர்கள் விடிகாலையில் போய் வேலை நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

அதே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது, ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்தை அவர் விட்டுவிடவில்லை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கும்வரை ஓயவில்லை. ஒரு ராஜா ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டதால் லட்சக்கணக்கான உயிர்களுக்கு வந்த மருத்துவம் அது. அன்றைக்குத் திறக்காமல் போன கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கூடவே வரும். மாசமாக இருக்கிற ஏழைப் பெண்ணுக்கு இன்று அரசு கொடுக்கும் பணத்துக்கு அவர் பெயர்தான். எங்கள் ஊரில் அதை "முத்துலட்சுமி பணம்" என்பார்கள்; அவர் எங்கள் மாவட்டத்துப் பெண் என்று சொன்னால் முகம் மலரும்.

1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு வகுப்புகள் தளர்ந்தன. படித்த எழுத்தைப் பலர் மறந்தார்கள், அதை மறைத்துப் பயனில்லை. கையெழுத்து மட்டும் நின்றது, சிலருக்கு அதுவும் இல்லை. அரசாங்கம் தொடர்ந்து அந்தப் பெண்கள் கையில் படிக்க எதையாவது கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆனால் தங்கள் மகள்களை அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை என்பதற்கு நான் சாட்சி, ஏனென்றால் அந்த மகள்கள் என்னிடம்தான் வந்தார்கள். நான் வாத்தியார் வேலைக்கு வந்திருந்தேன்.

எட்டாவது படித்த பெண்ணுக்குக் கல்யாண உதவி என்று 1989இல் கொண்டுவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் அந்தக் காலத்தில் செய்த வேலையை வகுப்பறையில் இருந்தவர்கள்தான் சொல்ல முடியும். ஐயாயிரம் ரூபாய்க்காக இரண்டு மூன்று வருஷம் கூடுதலாகப் பள்ளியில் இருந்தாள் ஒருத்தி. அந்த இரண்டு மூன்று வருஷம் அவள் இடுப்பெலும்பு வளர்ந்தது. பதினைந்து வயதில் பிள்ளை பெற்றுச் செத்துப்போன பெண்களை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுத்தது. அம்மா இன்னும் கோபப்படுகிற அந்தப் பொட்டலை இப்போது பெண்பிள்ளைகள் கூட்டமாக மணியடித்துக்கொண்டு கடக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 1991இல் பிறந்த 1000 குழந்தைகளில் 57 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன் இறந்தன. 2020இல் அது 13. பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1991இல் 100க்கு 51 பேர், 2011இல் 73 பேர். இரண்டு கோடுகளும் எதிரெதிராகப் போவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் இதே 20 ஆண்டுகளில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000க்குப் பெண் குழந்தைகள் 948இலிருந்து 943 ஆனார்கள். ஏறவில்லை. இந்த எண்ணை நான் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. படித்தவர்கள் கள்ளிப்பாலைத் தேடவில்லை, ஸ்கேன் சென்டரைத் தேடினார்கள். படிப்பு அவர்களுக்குப் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல இன்னும் சுத்தமான ஒரு வழியைக் காட்டிக்கொடுத்தது. சுங்கத் பின்னால் சுகாதாரத் துறைக்குப் போய், பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவோடு சேர்ந்து பெண்சிசுக் கொலையைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளிலிருந்தே கணக்கெடுத்து எழுதினார். தருமபுரியில் அதற்கெதிராகக் கலைப்பயணம் போனது. அறிவொளியில் பழகிய அதே வீதி நாடகம், அதே பறை. புத்தகத்தால் ஆகாததை ஊர் நடுவில் நின்று பேசிப் பார்த்தார்கள், கொஞ்சம் ஆனது.

இன்னொன்றும் உண்டு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 அறுவை சிகிச்சை. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. உலக சுகாதார நிறுவனம் வெகுகாலம் சொல்லிவந்தது 10இலிருந்து 15 வரை. அறுத்துத்தான் எடுக்க வேண்டிய பிரசவங்கள் இருக்கின்றன, அதில் எத்தனையோ தாய்கள் பிழைத்தார்கள். ஆனால் 64 பேருக்கா? என்னிடம் படித்து, பட்டம் வாங்கி, கணினி முன்னால் வேலை பார்க்கிற ஒருத்தியிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னாங்க டீச்சர், கையெழுத்துப் போட்டேன்" என்றாள். எதற்காக என்று கேட்டாயா? கேட்கவில்லை. "அந்த நேரத்துல எப்படி டீச்சர் கேக்கிறது?" அவள் சொல்வது நியாயம்தான். வலியில் கிடக்கிற பெண்ணிடம் படிவத்தை நீட்டினால் எம்.எஸ்ஸி.யும் ஒன்றுதான், எழுதத் தெரியாதவளும் ஒன்றுதான்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். படித்தால் உடம்பு பிழைக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அதற்குள் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. படிக்காதவள் சொன்னால் காது கொடுக்காத இடமாக ஆஸ்பத்திரி இருப்பதால்தான் படித்தவள் பிழைக்கிறாள் என்றால், திருந்த வேண்டியது ஆஸ்பத்திரி. சில வருஷம் முன்பு சின்னம்மாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மயக்கம், கால் மரத்துப்போகிறது. டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். "இவங்களுக்குச் சொன்னாப் புரியாது, நீங்க கேட்டுக்குங்க." ஏழுக்கும் பதினொன்றுக்கும் கழித்தல் போட்ட மனுஷி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "டாக்டர், அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றேன். சொன்னார், சத்தமாக, செவிடருக்குச் சொல்வதுபோல. சின்னம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுக்கு முந்தி எம்புட்டு இருந்துச்சு, சாப்பிட்டு எம்புட்டுங்கய்யா?" என்றார். அப்போதுதான் அந்த டாக்டர் திரும்பினார்.

சர்க்கரையும் பிரஷரும் இப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு. பேதியில் பிழைத்த தலைமுறை இதில் மாட்டிக்கொண்டது. ஒருமுறை ஓடிப்போய்க் காப்பாற்றிவிடுகிற நோயல்ல இது. வாழ்நாள் முழுக்கத் தினம் தினம் படிக்க வேண்டிய நோய். எண்ணைப் படிக்க வேண்டும், மாத்திரையைப் படிக்க வேண்டும், எது காலை எது ராத்திரி என்று பிரிக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம், நடக்க முடியாத கிழவிகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மாத்திரை அட்டையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். அறிவொளியில் படித்த தமிழ் எழுத்து அங்கே உதவாது. நிறத்தை வைத்தும் பருமனை வைத்தும் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். கம்பெனி மாறி, வெள்ளை மாத்திரை மஞ்சளாக வந்தால் தடுமாறிப் போகிறார்கள். தமிழ்நாட்டில் விற்கிற மருந்தில் தமிழில் பெயர் போடுவதற்கு என்ன தடை என்று எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.

போன மாசம் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சின்னம்மாவோடு மெடிக்கலுக்குப் போனேன். கடைப் பையன் அட்டையைக் கொடுத்துவிட்டு, பேனாவால் மேலே 1-0-1 என்று கிறுக்கினான். சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இதென்ன நூத்தி ஒண்ணா?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு பாட்டி. மத்தியானம் கெடையாது."

"அப்ப அதையே எழுதிக் குடு."

"அதான் எழுதியிருக்கேன்ல."

"தமிழ்ல எழுதுப்பா. எதுக்கு உண்டான மாத்திரைன்னும் எழுது. சக்கரைக்கு எது, பிரஷருக்கு எதுன்னு தனித்தனியா எழுது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் நாந்தான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுக்கிறேன், அவளுக்கு இன்னும் கண்ணு ஆப்பரேஷன் ஆகல."